காசிமேட்டுக்கு மேலே ஒரு ஜெர்மன்காரன்

காசிமேட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், டோர்னியர் என்றால் தெரியும். அது கான்பூரில் செய்தது என்று தெரியாது. ஜெர்மன் வரைபடத்தில் செய்தது என்று தெரியாது. ஆனால் அந்த இரட்டை எஞ்சின் சத்தம் தெரியும். வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவாகிவிட்டால், கடலோரக் காவல்படையின் டோர்னியர் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, வெளியே மீன்பிடித்துக்கொண்டிருக்கும் விசைப்படகுகளுக்கு மேலே தாழப் பறந்து, கரைக்குத் திரும்பச் சொல்லி வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை கொடுக்கும். எனக்குத் தெரிந்த படகு டிரைவர் அண்ணன் ஒருவர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

“தலைக்கு மேல ரெண்டு ரவுண்டு அடிச்சான்னா வலைய இழுத்துக்கினு கெளம்பிடணும் தம்பி. மூணாவது ரவுண்டு அடிக்க வுட்டா தப்பு நம்ம மேலதான்.”

“சும்மா இருக்கற நாள்ல வந்தா?”

“அப்போ போட்டோ புடிக்கறான்னு அர்த்தம்.”

காப்பாற்ற வருவதும் அதுதான், கண்காணிக்க வருவதும் அதுதான். இந்த விமானத்தின் வம்சத்தைக் கொஞ்சம் நோண்டியதில் நான் கிளம்பியது கான்பூருக்கு, போய்ச் சேர்ந்தது பெல்கிரேட், ஜாவா என்று எங்கெங்கோ. திரும்பி வந்து பார்த்தால் கதை எங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே கிடந்தது. (ஜெர்மனி, வடசென்னை என்றதும் யாராவது எம்டன் கதையை ஆரம்பிப்பார்கள். 1914 செப்டம்பர் 22, பர்மா ஆயில் டேங்குகள், எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அது வேண்டாம்.)

முதலில் விமானம். டோர்னியர் 228 முதன்முதலாகப் பறந்தது 1981-ல். பெட்டி மாதிரி உடம்பு, அதன் உச்சியில் இறக்கை, பத்தொன்பது பேர் உட்கார இடம், சின்ன ஓடுபாதை இருந்தாலே போதும். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் உட்கார்ந்தவருக்குக் கீழே இருக்கும் கடல் மறைக்காமல் தெரியும். கடல் காவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? வயிற்றுக்குக் கீழே ரேடாரைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. 1983-ல் இந்திய அரசின் ஹெச்.ஏ.எல். நிறுவனம் இதைக் கட்டும் உரிமத்தை டோர்னியர் கம்பெனியிடம் வாங்கியது. 1986-ல் கான்பூரில் கட்டிய முதல் விமானம் பறந்தது. வாயுதூத் என்றொரு அரசு விமான கம்பெனி இருந்ததே, சென்னையிலிருந்து நெய்வேலி, தஞ்சாவூர் என்று பறந்தது, அதுவும் இந்த டோர்னியர்தான். வாயுதூத் மறைந்தது. கடலோரக் காவல்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் டோர்னியர் நிலைத்துவிட்டது.

லைசென்ஸ் வாங்குவது என்றால் என்ன என்பதை வடசென்னைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் வளர்ந்ததே அதில்தான். எண்ணூரில் 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு காமெட் லாரி, பஸ் சேசிஸ்களுக்கு மாறியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதற்கும் முன்பே ராணுவம் எல்லை ரோந்துக்கு 800 புல்லட்களைக் கேட்டிருந்தது, அதுதான் விதை. முதல் வண்டிகள் இங்கிலாந்திலிருந்து உதிரியாகப் பெட்டியில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962-ல் எல்லாப் பாகமும் இங்கேயே. அப்புறம் எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்தது, டயருக்குப் போனபோது அமெரிக்காவின் ஒஹையோவில் இருந்த மேன்ஸ்ஃபீல்ட் கம்பெனியின் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை இந்த மாதிரி ஆலைகளில் வேலை பார்த்தது. சித்தப்பா டூல் ரூமில் இருந்தவர். “டிராயிங் வந்துட்டா வண்டி வந்துடாதுடா” என்பார். வெள்ளைக்காரன் வரைபடம் அங்குலத்தில் இருக்கும், அவன் சொல்லும் இரும்பு இங்கே கிடைக்காது, கிடைத்ததை வைத்து மாற்ற வேண்டும், மாற்றினால் சோதிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் போராடி முடிக்கும்போது அந்த வண்டி பாதி நம்முடையதாகிவிடும். புதுமருமகள் பத்து வருஷத்தில் அடுப்படியைத் தன் கைக்குக் கொண்டுவருகிற மாதிரி. முதலில் மாமியார் பக்குவம். பிறகு யார் பக்குவம் என்று மாமியாருக்கே சந்தேகம் வந்துவிடும்.

மாமியாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது, அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் என்ஃபீல்டே இல்லாமல் போனது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பிரிட்டிஷ் லேலண்ட் நொடித்து, துண்டுதுண்டாகப் போனது. லேலண்ட் ஊரில் இன்றும் ஆலை இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வரும் லாரியில் டாஃப் என்று எழுதியிருக்கும். மேன்ஸ்ஃபீல்ட் 1970களின் இறுதியிலேயே கதவை மூடியது. மூன்று அசலும் விழுந்தன, மூன்று நகலும் நிற்கின்றன. மூன்றும் ஒரே ரோட்டில். டோர்னியர் கதையும் இதே பாட்டைத்தான் பாடுகிறது: ஜெர்மனியில் 228 உற்பத்தி 1990களின் பிற்பகுதியில் நின்றது, ஃபேர்சைல்டு டோர்னியர் என்று அமெரிக்கக் கலப்போடு இருந்த கம்பெனி 2002-ல் திவால். பிறகு சுவிட்சர்லாந்தின் ருவாக் நிறுவனம் உரிமையை வாங்கி, விமானத்தை மறுபடி கட்டத் தீர்மானித்தபோது உடல், இறக்கை, வால் எல்லாம் எங்கிருந்து போனது தெரியுமா? கான்பூரிலிருந்து. ஜெர்மன் விமானத்தின் உடம்பு உத்தரப்பிரதேசத்தில் செய்யப்பட்டு, கடைசிப் பூட்டுவேலைக்காக பவேரியாவுக்குப் பயணம் போனது.

இதில் பெருமைப்பட்டுக்கொண்டே இருந்துவிடலாம். ஆனால் இதே டோர்னியர் கம்பெனி இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் விற்ற லைசென்ஸ்களின் கதையைப் படித்தபோது பெருமை கொஞ்சம் இறங்கியது.

1930களின் பிற்பாதி. யுகோஸ்லாவியா ஒரு சின்ன ராஜ்யம். குண்டுவீச்சு விமானம் வேண்டும். ஜெர்மனியிடம் டோர்னியர் 17 வாங்கியதோடு, தன் நாட்டிலேயே கட்டும் உரிமத்தையும் வாங்கி, கிராலியேவோ நகரத்து அரசு ஆலையில் கட்ட ஆரம்பித்தது. எஞ்சின் மட்டும் பிரான்ஸின் நோம்-ரோன். ஜெர்மன் உடம்பு, பிரெஞ்சு இதயம், செர்பியத் தொழிலாளி. 1941 ஏப்ரல் 6, விடியற்காலை. ஹிட்லரின் விமானப்படை பெல்கிரேடின் மேல் குண்டு போட வந்தது. வந்தவற்றில் டோர்னியர் 17-களும் இருந்தன. எதிர்த்துக் கிளம்பிய யுகோஸ்லாவிய குண்டுவீச்சுப் படையிலும் டோர்னியர் 17-களே. விற்றவனும் வாங்கியவனும் ஒரே விமானத்தில் ஏறி அடித்துக்கொண்டார்கள். ஜெர்மானியர்களுக்கு அந்த விமானத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். எங்கே சுட்டால் விழும் என்பதும் தெரியும். பெரும்பாலானவை தரையிலேயே நொறுங்கின. சில கிரேக்கத்துக்குத் தப்பின, இரண்டு எகிப்து வரை போய்ச் சேர்ந்து பிரிட்டிஷ் விமானப்படை எண்ணோடு கொஞ்சகாலம் பறந்தன. கையில் சிக்கிய மிச்சத்தை ஜெர்மனி தன் புதுக் கூட்டாளியான குரோஷியாவுக்குக் கொடுத்தது. ஒரே விமானம், அடுத்தடுத்து மூன்று கொடி.

டச்சுக்காரர் கதை வேறு. டச்சு கிழக்கிந்தியத் தீவுகளை, அதாவது இன்றைய இந்தோனேசியாவைக் காக்க அவர்களுக்குத் தண்ணீரில் இறங்கும் விமானம் தேவைப்பட்டது. அவர்கள் கேட்டதற்காகவே டோர்னியர் வரைந்தது டோ-24: மூன்று எஞ்சின் பறக்கும் படகு. ஹாலந்தின் அவியோலாண்டா ஆலை லைசென்ஸில் கட்டியது. எஞ்சின் இங்கும் ஜெர்மனியுடையது இல்லை, அமெரிக்காவின் ரைட் சைக்ளோன். 1940 மே மாதம் ஹாலந்து விழுந்தது. ஆலை அப்படியே ஜெர்மானியர் கைக்குப் போனது, அவர்கள் அதை நிறுத்தவில்லை. அதே டச்சுத் தொழிலாளிகளை வைத்து அதே விமானத்தைத் தங்கள் கடல்மீட்புப் படைக்குக் கட்டவைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே முப்பத்தேழு விமானங்கள் கிழக்கே போய்ச் சேர்ந்திருந்தன. நாடு பறிபோன பிறகும் அந்தப் படகுகள் ஜாவா, போர்னியோ கடல்களில் ஜப்பானோடு போராடின. 1941 டிசம்பர் 17-ல் மிரி துறைக்கு அப்பால் ஜப்பானின் ஷினோனோமே நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தது ஒரு டோ-24 என்பது டச்சுக் கணக்கு. மூன்று மாதம்தான். தோல்வி நெருங்கியதும் எஞ்சியவை அகதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்துக்குப் பறந்தன. 1942 மார்ச் 3-ல் ஜப்பானிய போர் விமானங்கள் அங்கேயும் வந்து, தண்ணீரில் நின்ற பறக்கும் படகுகளை ஆட்களோடு எரித்தன.

ஹங்கேரி, ஸ்பெயின் கதைகளையும் ஒரு வாயில் சொல்லிவிடுகிறேன். மெஸ்ஸர்ஷ்மிட் 210 பறக்கும்போதே சுழன்று விழும் குணம் கொண்ட விமானம், ஜெர்மனியே கைகழுவியது. லைசென்ஸ் வாங்கிய ஹங்கேரிக்காரர்கள் நீட்டிய உடம்பு, வேறு எஞ்சினோடு அதைத் திருத்திப் பறக்கவிட்டார்கள். ஹங்கேரி ஆலையில் கட்டியதில் ஒரு பங்கு ஜெர்மனிக்கே போனது. ஸ்பெயின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு லைசென்ஸ் வாங்கியது, போரில் ஜெர்மனியிலிருந்து எஞ்சின் வரவில்லை, கடைசியில் எதிரி முகாமின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பூட்டி, புச்சோன் என்று பெயரிட்டுப் பறக்கவிட்டது. 1969-ல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் ஜெர்மன் விமானங்களாக நடித்தவை இந்த ஸ்பானிஷ் நகல்கள்தான். அசல் கிடைக்காததால் நகல் அசலாக நடித்தது!

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் என் கண்ணில் உறுத்தியது எஞ்சின். உடம்பை உள்ளூரில் கட்டிவிடலாம், தகடு வளைக்கவும் ரிவெட் அடிக்கவும் ஆள் பழக்கிவிடலாம். எஞ்சின் யாருடையதோ குடுமி அவன் கையில். இதை நாமும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான். ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற புகழ்பெற்ற ஜெர்மன் போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் 1950களில் இந்தியாவுக்கு வந்தார். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் இருந்தார் என்று அப்துல் கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெங்களூருவில் அவர் வடிவமைத்த மாருத் ஜெட் 1961-ல் பறந்தது. லைசென்ஸ் இல்லை, இங்கேயே வரைந்த விமானம். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே சண்டை போட்டது. ஆனால் அந்த உடம்புக்குத் தகுந்த எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. 147 கட்டியதோடு மாருத் முடிந்தது. கான்பூர் டோர்னியரிலும் எஞ்சின் அமெரிக்காக்காரனுடையதே, டி.பி.ஈ.331. ஆனால் உலகமெங்கும் சின்ன விமானங்களில் ஓடும், உதிரிப்பாகம் கிடைக்கும் சாதாரண எஞ்சின் என்பதால் பிழைத்துக்கொண்டது. கெத்து இல்லாத எஞ்சின்தான் நாற்பது வருஷம் தாங்குகிறது என்பது என் கட்சி. புல்லட் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

வந்தால் அவர்களுக்கு ஒரு ஜெர்மன் செய்தி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் வான்படை வீரர்களோடு கிளைடரிலும் பாராசூட்டிலும் இறக்கிய குட்டி என்ஃபீல்டு 125, ஃப்ளையிங் ஃப்ளீ, அது ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ வண்டியைப் பார்த்து அடித்த நகல். யூதர்கள் உரிமையாளர்களாக இருந்ததால் ஒரு டச்சு ஏஜென்சியிடமிருந்து டி.கே.டபிள்யூ விற்பனை உரிமையைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஏஜென்சிதான் என்ஃபீல்டிடம் போய் ‘இதே மாதிரி செய்து கொடு’ என்றது. இதில் லைசென்ஸ் என்று எதுவுமில்லை. 1980களில் என்ஃபீல்டு இந்தியா முறையாகவே ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியிடம் வரைபடம் வாங்கி ஃப்யூரி 175 செய்தது, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு. சுண்டாப் 1984-ல் திவாலானது. நகல் நிலைத்திருக்க வேண்டுமே என் கணக்குப்படி? நிலைக்கவில்லை. விலை அதிகம், ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்திறங்கிவிட்டன, ஃப்யூரி சத்தமில்லாமல் போனது. நகல் எல்லாமே பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை.

பழைய கதையிலிருந்து இன்றைக்கு வருவோம். முன்பு டோர்னியர் லைசென்ஸ் விற்றது. இப்போது நாம் டோர்னியரை அண்டை நாடுகளுக்குக் கொடுக்கிறோம். மொரிஷியஸ் 1990-லேயே வாங்கிவிட்டது. செஷல்ஸுக்கு 2013-லும் 2018-லும். 2024-ல் கயானாவுக்கு இரண்டு, விமானப்படையின் பெரிய சி-17-களில் ஏற்றி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். வெனிசுலா எசெகிபோ நிலத்துக்கு உரிமை கொண்டாடி வாக்கெடுப்பு நடத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கயானாவில் மெட்ராசி என்று இன்றும் அழைக்கப்படும் மக்கள், நம் துறையிலிருந்து கூலிக்கப்பலில் போனவர்களின் வம்சம்.

இலங்கை விஷயம் நமக்கு நெருக்கமானது. 2022 ஆகஸ்ட் 15 அன்று கட்டுநாயக்காவில் இந்தியா ஒரு டோர்னியரை இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தது. மறுநாள், ஆகஸ்ட் 16, சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எதற்கு விமானம் கொடுத்தோம் என்று புரியும். கொடுத்தது சரியா? அரசியல்ரீதியாகச் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதே கண்காணிப்பு விமானம் பாக் நீரிணையில் யாருடைய படகைத் தேடும் என்று ராமேஸ்வரத்துக்காரர் கேட்டால், டெல்லியில் பதில் சொல்ல ஆளில்லை.

மாலத்தீவில் வேறு சிக்கல். 2020-ல் கொடுத்த டோர்னியரை ஓட்டியதும் பராமரித்ததும் இந்தியப் படையினர். ‘இந்தியாவே வெளியேறு’ என்று கோஷம் போட்டு ஆட்சிக்கு வந்த முய்சு அவர்களைப் போகச் சொன்னார். 2024 மே மாதத்துக்குள் படையினர் திரும்பினார்கள், பதிலுக்கு ஹெச்.ஏ.எல்.லின் சிவில் தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். விமானம் அங்கேயே நின்றது. யுகோஸ்லாவியா தானே கட்டி, தானே ஓட்டி, தானே சண்டை போட்டது. தோற்றாலும் அது அவர்களுடைய விமானம். பரிசாக வந்த விமானத்துக்கு ஓட்டுநரும் மெக்கானிக்கும் கொடுத்தவன் வீட்டிலிருந்தே வரவேண்டும் என்றால், வாங்கியவன் கையில் இருப்பது சாவியில்லாத வண்டி. நம் அண்டை நாட்டு இளைஞர்களுக்கு விமானத்தோடு சேர்த்து டூல் ரூமையும் கொடுத்தால்தான் அது உதவி. எண்ணூருக்கு லேலண்ட் அதைத்தான் கொடுத்தது. அதனால்தான் பின்னாளில் எண்ணூர்க்காரன் ஸ்டாலியன் ராணுவ லாரியின் தொழில்நுட்பத்தை ஜபல்பூர் ராணுவ வாகன ஆலைக்குக் கொடுக்க முடிந்தது.

டோர்னியரை வைத்துச் சும்மா பெருமை பேசியாயிற்று, பலி கொடுத்ததையும் சொல்ல வேண்டும். 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்துக்குப் போன கடலோரக் காவல்படையின் சி.ஜி.791 திரும்பவில்லை. மூன்று பேர் அதில் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேடி, கடலூர்ப் பக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைக் கண்டெடுத்தார்கள். அந்த நாட்களில் காசிமேட்டில் அதைப் பற்றிப் பேசாத படகு இல்லை. போட்டோ பிடிக்கிற விமானம் என்று யாரும் அப்போது கேலி செய்யவில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதைப் படிக்கிற அதிகாரி யாராவது இருந்தால். அரக்கோணம் ராஜாளி தளத்தில் பல ஆண்டு பறந்த கடற்படையின் டியூ-142 விமானம் 2017-ல் ஓய்வுபெற்றதும், விசாகப்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகமாக்கினார்கள். டிக்கெட் எடுத்து மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். நம்மூரில் இருந்ததை ஆந்திராக்காரர் வாங்கிக்கொண்டார், நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். விமானப்படைக்குப் புதிதாக ஆறு டோர்னியர் வாங்க 2023-ல் 667 கோடிக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. புதியவை வரவர முதல் தலைமுறை டோர்னியர்கள் கழியத்தான் போகின்றன. அதில் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போடாமல் வடசென்னைக்குக் கொடுங்கள். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் கடற்கரையோரம் இடம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பழைய காமெட் பஸ்ஸும் ஒரு 1950கள் புல்லட்டும் நிற்கட்டும். நுழைவுச்சீட்டு விலை பத்து ரூபாய்க்கு மேல் வேண்டாம்.